‘எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லீங்க’: ஒரு ஓட்டுநரின் பிராஸ்டேட் புற்றுநோயும் பிஆர்சிஏ2 மரபணு மாற்றமும்

2020 அக்டோபர் முதல் 2024 அக்டோபர் வரை எங்கள் புற்றுநோய்ப் பிரிவில் சிகிச்சை பெற்ற ஒருவரைப் பற்றிய பதிவு இது. அவருடைய குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நாங்கள் எடுத்த முடிவுகளில் சில சரி, ஒன்று பெரிய பிழை. அந்தப் பிழை எங்கள் பிரிவின் முதல் பக்கப் படிவத்திலேயே இருந்தது.

பின்னணி

கொங்குப் பகுதியைச் சேர்ந்தவர், வயது 61. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து 2017 இல் ஓய்வு பெற்றவர். முதுகுவலி ஒன்றரை வருடமாக இருந்திருக்கிறது. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று அவரும் விட்டுவிட்டார், பார்த்த இரண்டு மருத்துவர்களும் விட்டுவிட்டார்கள். அப்புறம் கொரோனா ஊரடங்கு. இரவில் ஐந்தாறு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது என்று ஒருவரிடம் சொன்னபோதுதான் பிஎஸ்ஏ, அதாவது பிராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்துக்கு வரும் ஒரு புரதம், அதன் அளவு பரிசோதிக்கப்பட்டது. 214 நானோகிராம்/மி.லி. என்று வந்தது. அந்த வயதில் 4 க்குக் கீழே இருப்பதுதான் வழக்கம்.

பயாப்ஸியில் கிளீசன் மதிப்பெண் 4+5=9, அதாவது வேகமாகப் பரவும் வகை. எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பு, இடுப்பு, விலா என்று பல இடங்களில் பரவல் தெரிந்தது. தண்டுவடம் அழுத்தப்படவில்லை. கால்களில் பலம் இருந்தது.

முதல் நாள் கோப்பில் ‘குடும்ப வரலாறு’ என்ற இடத்தில் ஒரே சொல் எழுதியிருக்கிறது: ‘இல்லை’. எழுதியவர் எங்கள் பயிற்சி மருத்துவர். அவர் கேட்ட கேள்வி, “குடும்பத்துல யாருக்காவது பிராஸ்டேட் புற்றுநோய் இருந்ததா?” பதில் சொன்னவர் நோயாளியின் மனைவி. “எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லீங்க.” கேட்ட கேள்விக்கு அது உண்மையான பதில். நானும் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

முதல் இரண்டு ஆண்டுகள்

பிராஸ்டேட் புற்றுநோய் வளர ஆண் ஹார்மோன் வேண்டும். அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடலாம், அல்லது விதைகளை அறுவை செய்து நீக்கிவிடலாம். வாழ்நாள் முழுக்க ஊசிக்கு அலைவதைவிட ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று அவரே அறுவையைத் தேர்ந்தெடுத்தார். 2020 நவம்பரில் அது முடிந்தது. கூடவே உடலின் மற்ற இடங்களிலும் ஆண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் அபிராடெரோன் 1000 மி.கி., பிரெட்னிசோலோன் 5 மி.கி. தினமும்.

நன்றாகவே கேட்டது. 2021 ஜூனில் பிஎஸ்ஏ 1.8. வலி மாத்திரையை நிறுத்திவிட்டு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்.

2022 மார்ச்சுக்குள் பிஎஸ்ஏ 4, 9, 21 என்று ஏறியது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவு 14. அது 50 க்குக் கீழே இருக்கும்போதே நோய் வளர்ந்தால், ஹார்மோன் ஒடுக்கத்தை மீறி வளரும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஸ்கேனிலும் புதுப் புள்ளிகள். மே முதல் செப்டம்பர் வரை டோசிடாக்செல் கீமோ ஆறு சுற்று கொடுத்தோம். மூன்றாவது சுற்றுக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சலோடு ஐந்து நாள் உள்நோயாளியாக இருந்தார். தொடக்கத்தில் 48 ஆக இருந்த பிஎஸ்ஏ 11 வரை இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. 2023 ஜனவரியில் 70, மார்ச்சில் 164. இடுப்பிலும் கீழ்முதுகிலும் வலி. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை தொடங்கினோம். வயிற்றில் நிணநீர்க் கட்டிகள் பெருத்திருந்தன.

பரவிய பிராஸ்டேட் புற்றுநோய் உள்ள எல்லோருக்கும், குடும்ப வரலாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பரம்பரை மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டிகள் சொல்லத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்களுக்கு அது தெரியும். செலவு, அலைச்சல், ‘குடும்பத்தில் யாருக்கும் இல்லை’ என்ற அந்த ஒரு வரி, மூன்றும் சேர்ந்து அதைத் தள்ளிப்போட வைத்தன.

ஊசி அறையில் கிடைத்த தகவல்

2023 மார்ச்சில் எலும்பைப் பலப்படுத்தும் ஸோலெட்ரானிக் அமில ஊசிக்கு வந்தார். மனைவிக்கு மூட்டுவலி. அதனால் அன்று துணைக்கு வந்தவர் அவருடைய அக்கா மகள். தலையில் துணி கட்டியிருந்தார். துணிக்கு வெளியே குட்டை முடி சுருள் சுருளாகத் தெரிந்தது. கீமோ முடிந்து மீண்டும் முளைக்கும் முடிக்கு ஒரு தனித் தோற்றம் உண்டு. எங்கள் மூத்த செவிலியர் இருபது ஆண்டுகளாக அதைப் பார்ப்பவர். “உங்களுக்கும் கீமோ கொடுத்தாங்களாம்மா?” என்று கேட்டார்.

ஆமாம். இரண்டு வருடம் முன்பு, 36 வயதில், மார்பகப் புற்றுநோய். வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் பார்த்தார். நோய் ஒருமுறை திரும்பியதால் இரண்டாம் தடவை கீமோ இப்போதுதான் முடிந்திருக்கிறது.

செவிலியர் என்னை அழைத்தார். நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்: “மரபணு டெஸ்ட் ஏதாவது எடுத்தாங்களா?” எடுத்திருக்கிறார்கள். 2021 டிசம்பரிலேயே ரிப்போர்ட் வந்துவிட்டது. பிஆர்சிஏ2 மரபணுவில் நோய் உண்டாக்கும் மாற்றம். பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோயும் ஆண்களுக்குப் பிராஸ்டேட் புற்றுநோயும் வரும் வாய்ப்பைக் கூட்டுவது அது. ரத்த சொந்தங்கள் எல்லோரிடமும் சொல்லச் சொல்லி அங்கே அறிவுறுத்தியும் இருக்கிறார்கள். அவர் தன் தங்கையிடம் சொன்னார், சித்தியிடம் சொன்னார். மாமாவிடம் சொல்லவில்லை.

“அது பொம்பளைங்க நோவுன்னு நெனச்சேங்க. மாமாவுக்கு வந்திருக்கறது வேறதானுங்களே” என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமாவுக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்த நாங்களும் பெண்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. பதினைந்து மாதமாக ஒரே குடும்பத்தின் இரண்டு கோப்புகள் இரண்டு ஊர்களில் இருந்தன. ஒன்றில் விடை இருந்தது, மற்றதில் ‘இல்லை’ என்று இருந்தது.

மீண்டும் எழுதிய குடும்ப வரலாறு

அன்று மாலை மூன்று தலைமுறைக்குப் படம் வரைந்தோம். நோய்ப் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் எந்த வயதில், எப்படி இறந்தார்கள் என்று கேட்டோம். அவருடைய அம்மா 48 வயதில் போயிருக்கிறார். “வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு, நாலு மாசத்துல முடிஞ்சிருச்சு.” மஞ்சள் காமாலை இல்லை, கல்லீரல் நோய் என்றும் யாரும் சொல்லவில்லை. சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம், அதற்கு மேல் சொல்ல ஆதாரமில்லை. அக்கா 2004 இல், 47 வயதில். “மாரில புண்ணு. நாட்டு வைத்தியம் பார்த்தாங்க.” அம்மா இறந்தது அவர் திருமணத்துக்கு முன்பு. அதனால் முதல் நாள் பதில் சொன்ன மனைவிக்கு மாமியாரைப் பற்றி எதுவும் தெரியாது. அக்காவுக்கு வந்தது என்ன என்பதை வீட்டில் யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை.

2016 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பரவிய பிராஸ்டேட் புற்றுநோய் உள்ள 692 ஆண்களில் 11.8 சதவீதத்தினருக்கு டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணுக்களில் பரம்பரை மாற்றம் இருந்தது. பிஆர்சிஏ2 மட்டும் 5.3 சதவீதம். பிராஸ்டேட் புற்றுநோய் வந்த உறவினர் இருக்கிறாரா இல்லையா என்பது அந்த விகிதத்தைப் பெரிதாக மாற்றவில்லை. வேறு வகைப் புற்றுநோய் வந்த நெருங்கிய உறவினர்தான் மாற்றம் உள்ளவர்களிடம் கூடுதலாக இருந்தார்கள். எங்கள் படிவத்தில் இருந்த கேள்வி சரியாகத் தப்பான இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முடிவுகளும் காரணங்களும்

அப்போது எங்கள் முன்னே இருந்த வழிகள்: அபிராடெரோனை விட்டு அதே வகையைச் சேர்ந்த என்ஸாலுடமைடுக்கு மாறுவது, இரண்டாம் கட்டக் கீமோவான கபாசிடாக்செல், லுட்டீசியம் பிஎஸ்எம்ஏ கதிர்மருந்து, அல்லது மரபணு முடிவு வரும் வரை காத்திருந்து, இத்தகைய மாற்றம் உள்ளவர்களுக்கான மாத்திரையான ஒலாபாரிப்.

முதல் முடிவு, ரத்தமா திசுவா என்பது. மாற்றம் புற்றுநோய்த் திசுவில் மட்டும் ஏற்பட்டிருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரியாது. அந்த வகையில் திசுதான் முழுமையான சோதனை. ஆனால் எங்களிடம் இருந்தது மெழுகில் பதித்து வைத்த இரண்டரை வருடம் பழைய பயாப்ஸித் திசு, அதுவும் ஊசியால் எடுத்த மெல்லிய துணுக்குகள். ஒலாபாரிப்புக்கு அடிப்படையான ப்ரொஃபவுண்ட் ஆய்விலேயே திசு மாதிரிகளில் சுமார் 30 சதவீதம் படிக்க முடியாமல் போயின. இங்கே அக்கா மகளிடம் எந்த மாற்றம் என்று எழுத்து எழுத்தாகத் தெரியும். அதை ரத்தத்தில் தேடுவது எளிது, செலவும் குறைவு. ரத்தம் அனுப்பினோம். இல்லை என்று வந்தால் திசுவை அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது முடிவு, காத்திருப்பது. வலியோடு இருக்கும் ஒருவரைச் சும்மா காக்க வைக்க மனம் வராது. என்ஸாலுடமைடை உடனே தொடங்கலாம் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் மறுத்தேன். ப்ரொஃபவுண்ட் ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவினருக்கு அதைத்தான் செய்தார்கள், ஒரு ஹார்மோன் மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம் ஆகிய மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களில் ஸ்கேனில் நோய் முன்னேறாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு அந்தக் குழுவில் 3.6 மாதம், ஒலாபாரிப் குழுவில் 7.4 மாதம். மொத்த ஆயுளில் 14.7 மாதத்துக்கு எதிராக 19.1 மாதம். என்ஸாலுடமைடில் தொடங்கி நடுவில் மாறினால் எது கேட்டது என்று தெரியாது, பணமும் இரண்டு தடவை போகும். வலி அதிகமாக இருந்த இடுப்பு முதுகெலும்புக்கு ஒரே முறை 8 கிரே கதிர்வீச்சு கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

பத்தொன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. அதே மாற்றம் அவருக்கும் இருந்தது.

மருந்து என்ன செய்கிறது: ஓட்டுநரின் விளக்கம்

டிஎன்ஏ இரண்டு இழைகளால் ஆனது. அன்றாடம் ஏதாவது ஒரு இழையில் விரிசல் விழுந்துகொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய உதவும் நொதிகளில் ஒன்று பார்ப். ஒலாபாரிப் அதைத் தடுத்துவிட்டால், செல் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது அந்த விரிசல் இரண்டு இழையும் அறுந்த முறிவாக மாறும். அந்தப் பெரிய முறிவைப் பிழையில்லாமல் ஒட்டவைக்க பிஆர்சிஏ2 வேண்டும். இவருடைய புற்றுநோய்ச் செல்களில் பிஆர்சிஏ2 இன் இரண்டு பிரதிகளும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், எனவே செல் சாகும். உடலின் மற்ற செல்களில் ஒரு பிரதி கெட்டிருந்தாலும் இன்னொன்று நல்லது, அவை சமாளித்துக்கொள்ளும். இந்தத் தத்துவம் ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டது 2005 இல். பிராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒலாபாரிப் அமெரிக்க அனுமதி பெற்றது 2020 மே மாதத்தில்.

இதை நான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்தார். “கால் பிரேக் போன வண்டி. அதுல ஹேண்ட் பிரேக்கையும் நீங்க புடுங்கிடறீங்க. அது போய் மோதிக்கும். நல்ல வண்டிக்குக் கால் பிரேக் இருக்குது, அதனால தப்பிச்சுக்கும். அதானுங்களே?” அதுதான். அன்றிலிருந்து மற்ற நோயாளிகளுக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

மாத்திரை தொடங்கிய பிறகு

2023 ஏப்ரலில் ஒலாபாரிப் 300 மி.கி. காலையும் மாலையும், அதாவது வேளைக்கு 150 மி.கி. மாத்திரை இரண்டு. தொடங்கும் முன் சிறுநீரகத் திறனைப் பார்த்தோம். அது 50 க்குக் கீழே இறங்கியிருந்தால் அளவை 200 மி.கி. ஆகக் குறைத்திருப்போம், அவருக்கு 62. ஹீமோகுளோபின் 10.2. கீமோ அவருக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் முடிந்திருந்தது. இந்த மாத்திரைக்குக் கையிலிருந்துதான் செலவு. முதல் ஓராண்டு கம்பெனியின் நோயாளி உதவித் திட்டத்தால் ஓடியது. கடைசி மாதங்களில் ஜெனரிக் கிடைத்ததால் சுமை குறைந்தது.

நான்காம் வாரம் பிஎஸ்ஏ 171. குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. மகன் பதறினார். ஆனால் வலி குறைந்திருந்தது. கதிர்வீச்சு கொடுக்காத விலாப்பகுதியில்கூட வலி இல்லை. ஒரு எண்ணை மட்டும் வைத்து மருந்தை மாற்ற வேண்டாம், பன்னிரண்டு வாரத்தில் ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்போம் என்றேன்.

ஏழாம் வாரம் வேறு சிக்கல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். ஹீமோகுளோபின் 7.1. தட்டணுக்களும் ஒரு லட்சத்துக்குக் கீழே. ரத்தசோகை இந்த மருந்தில் சகஜம். ஆனால் முந்தைய மாதப் பரிசோதனையில் 9.8 இருந்தது, இவ்வளவு வேகமான சரிவை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கால் வீக்கம், நெஞ்சு வலி கேட்டோம். இந்த நோயாளிகளுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி அடைக்கும் ஆபத்தும் உண்டு. சிடி ஸ்கேனில் அது இல்லை. இரும்பு, பி12 சரி.

வீட்டிலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொன்னோம். மகன் கொட்டிய பையில் இட்ராகோனசோல் பட்டை ஒன்று இருந்தது. தொடையிடுக்கில் படர்தாமரை வந்திருக்கிறது. வெயில் காலத்தில் நம் ஊரில் யாருக்குத்தான் வரவில்லை? பக்கத்துத் தெருக் கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரமாகச் சாப்பிடுகிறார். ஒலாபாரிப்பை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இட்ராகோனசோல் பலமாகத் தடுக்கும். அவர் விழுங்கியது 300 மி.கி. என்றாலும் ரத்தத்தில் இருந்தது அதைவிடக் கணிசமாக அதிகம். கிளினிக் மருத்துவரைக் குறை சொல்ல முடியாது, படர்தாமரைக்கு அது வழக்கமான மருந்து. இவர் ‘கேன்சர் மாத்திரை’ சாப்பிடுவதை அங்கே சொல்லவே இல்லை. சிறுநீர்ப் பாதைக்கு மாத்திரை என்று சொல்லியிருக்கிறார்.

ஒலாபாரிப்பை நிறுத்தினோம், இட்ராகோனசோலையும் நிறுத்திப் பூச்சு மருந்துக்கு மாற்றினோம். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம். நான்கு வாரத்தில் அணுக்கள் தேறாவிட்டால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்வதாக இருந்தோம். அரிதாக இந்த மருந்தால் மஜ்ஜை நோயும் ரத்தப் புற்றுநோயும் வருவதுண்டு. மூன்றாம் வாரம் ஹீமோகுளோபின் 9.6, தட்டணு இயல்பு.

மீண்டும் எந்த அளவில் தொடங்குவது? காரணம் வெளியிலிருந்து வந்த மருந்து, அதை நிறுத்தியாயிற்று, பழைய அளவிலேயே தொடரலாம் என்பது ஒரு வாதம். கீமோவும் கதிர்வீச்சும் பார்த்த மஜ்ஜை, மறுபடி விழுந்தால் மருந்தையே விடவேண்டி வரும் என்பது இன்னொன்று. 250 மி.கி. வீதம் தொடங்கினேன். இன்று கேட்டாலும் அதையே செய்வேன், ஆனால் 300 இல் தொடங்கியிருந்தாலும் பிழையென்று சொல்ல மாட்டேன்.

இதிலும் ஒரு சறுக்கல் நடந்தது. 250 என்றால் ஒரு 150, ஒரு 100. புதுப் பட்டை கொடுத்தோம், வீட்டில் இருந்த பழைய பட்டைகளைத் திரும்ப வாங்கவில்லை. காசு கொடுத்த மாத்திரை வீணாகக் கூடாது என்று ஒன்பது நாள் பழைய கணக்கிலேயே சாப்பிட்டு முடித்திருக்கிறார். நல்லவேளை, அணுக்கள் விழவில்லை.

பன்னிரண்டாம் வாரம் பிஎஸ்ஏ 58. ஆறாம் மாதம் 6.2. நிணநீர்க் கட்டிகள் பாதிக்கும் கீழே சுருங்கின. மார்ஃபின் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினோம். தைப்பூசம் முடிந்து கூட்டம் குறைந்தபின் பழனிக்குப் பேருந்தில் போய் வந்தார். “மொத தடவையா பின்சீட்டுல உக்காந்து போனேன். ஓட்டறவன் கியர் மாத்தறதே சரியில்ல” என்றார்.

குடும்பத்தில் நடந்தவை

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் நாங்கள் அடுத்த தலைமுறையைப் பற்றிப் பேசினோம். கெட்ட பிரதி பிள்ளைகளுக்குப் போக ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கு 27 வயது, திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மகனுக்கு 33, மணமாகி ஒரு குழந்தை.

மகளைப் பற்றித்தான் எல்லோரும் பயந்தார்கள். பிஆர்சிஏ2 மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 69 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய் 17 சதவீதம். ஆனால் அம்மாவின் கவலை வேறு: ரிப்போர்ட் வெளியே தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள்? “டெஸ்ட்டே வேண்டாமுங்க, தெரியாமயே இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

பேச்சு யாரோடு என்று தற்செயலாகக் கேட்டேன். அக்கா மகன். முறைப்பையன். புற்றுநோய் வந்த அந்தப் பெண்ணின் தம்பி.

இங்கே நான் கொஞ்சம் நின்றேன். அந்தப் பையனுக்கும் அதே மாற்றம் இருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு, ஏனென்றால் அவனுடைய அக்காவுக்கு வந்தது அம்மா வழியில்தான் என்று குடும்பப் படமே சொல்கிறது. இந்தப் பெண்ணுக்கும் ஐம்பது சதவீதம். இருவருக்கும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதியும் கெட்டதாக அமைய நாலில் ஒரு வாய்ப்பு. அப்படி அமைந்தால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற அரிய நோய் வரலாம். மஜ்ஜை செயலிழப்பு, சிறுவயதிலேயே ரத்தப் புற்றுநோய், மூளைக்கட்டி, சிறுநீரகக் கட்டி. மேல்நாட்டு வழிகாட்டிகளில் இது ஓர் அடிக்குறிப்பு. சொந்தத்தில் கட்டும் நம் ஊரில் இது ஆலோசனை அறையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

அதைச் சொல்லும் முறையிலும் கவனம் தேவைப்பட்டது. சொந்தத்தில் கட்டுவது தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்கு இல்லை என்று தெரிந்தாலே இந்த ஆபத்து நீங்கிவிடும் என்று சொன்னோம். எந்த ரிப்போர்ட்டும் அந்தந்த ஆளின் கையில்தான் கொடுக்கப்படும், அப்பா அம்மாவிடம்கூட நாங்கள் சொல்ல மாட்டோம் என்றும் சொன்னோம். அந்த இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகுதான் மகள் வாயைத் திறந்தார். “எனக்குத் தெரியணும்” என்றார்.

அண்ணன் தங்கை இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள். மகளுக்கு மாற்றம் இல்லை. மகனுக்கு இருந்தது. அவர் தங்கைக்குத் துணையாக வந்தவர், தன் பெயரில் ஒரு ரிப்போர்ட் வரும் என்று பெரிதாக நினைத்ததே இல்லை. நாற்பது வயதிலிருந்து ஆண்டுதோறும் பிஎஸ்ஏ, மார்பில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்ற சுயபரிசோதனை, குழந்தைக்குப் பதினெட்டு வயதுக்கு மேல் அது விரும்பினால் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தோம். “அதுவரைக்கும் என்ன பண்றதுங்க?” என்று கேட்டார். ஒன்றுமில்லை, சிகரெட்டை விடுங்கள் என்றேன்.

நோய் திரும்பியது

2024 மே மாதம், மருந்து தொடங்கிப் பதின்மூன்று மாதம் ஆனபோது, பிஎஸ்ஏ 6 இலிருந்து 40 க்கு ஏறியது. ஸ்கேனில் கல்லீரலில் மூன்று கட்டிகள். இந்த மருந்துக்கு எதிர்ப்பு உருவாகும் வழிகளில் ஒன்று விசித்திரமானது. புற்றுநோய்ச் செல்லில் இரண்டாவது மாற்றம் ஒன்று நிகழ்ந்து, கெட்ட பிஆர்சிஏ2 மறுபடி வேலை செய்யத் தொடங்கும். அவர் மொழியில் சொன்னால் கால் பிரேக் திரும்ப வந்துவிடும். ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவில் இதைத் தேடலாம். செய்யவில்லை. முடிவு எதுவானாலும் அடுத்துக் கொடுக்கப்போகும் மருந்து மாறப்போவதில்லை, செலவு மட்டும் அதிகம்.

கார்போபிளாட்டின் மருந்தும் பழுதுபார்க்க முடியாத செல்களைக் கொல்வதுதான், ஆனால் பார்ப் தடுப்பானை மீறி வளர்ந்த நோயில் அதன் பலன் குறையும். கபாசிடாக்செல் மூன்று சுற்று கொடுத்தோம். முதல் இரண்டில் பிஎஸ்ஏ நின்றது, மூன்றாவதில் ஏறியது. நான்காவதை அவரே வேண்டாமென்றார். வலித் தணிப்புக் குழு வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போனது. 2024 அக்டோபரில் வீட்டிலேயே இறந்தார். ஒலாபாரிப் தொடங்கியதிலிருந்து பதினெட்டு மாதம்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

பரவிய நிலையில் வரும் ஒவ்வொரு பிராஸ்டேட் புற்றுநோயாளிக்கும் மரபணுப் பரிசோதனையை முதல் மாதத்திலேயே பேசிவிடுகிறோம். பயாப்ஸி புதிதாக இருக்கும்போதே திசுவையும் ரத்தத்தையும் அனுப்பப் பார்க்கிறோம். இவருக்கு 2020 இலேயே தெரிந்திருந்தால், அபிராடெரோன் பலனளிக்காமல் போன 2022 மார்ச்சிலேயே, கீமோவுக்கு முன்பே, ஒலாபாரிப் கொடுத்திருக்கலாம். ஆயுள் எவ்வளவு நீண்டிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. டோசிடாக்செல்லுக்குப் பின் வந்த காய்ச்சலும் மார்ஃபின் மாதங்களும் தள்ளிப்போயிருக்கும். ஹார்மோன் மாத்திரையையும் பார்ப் தடுப்பானையும் சேர்த்துக் கொடுக்கும் முறைகள் 2023 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபின், முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்கு இன்னும் அதிக மதிப்பு வந்துவிட்டது.

படிவத்தில் கேள்வியை மாற்றினோம். ‘பிராஸ்டேட் புற்றுநோய் இருந்ததா’ என்பது போய், அம்மா, பாட்டி, அக்கா தங்கை, அத்தை, சித்தி, அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக வரிசையிட்டு, ஐம்பது வயதுக்குள் இறந்தவர் யார், எதனால் என்று கேட்கிறோம். மார்பில் கட்டி, மாரில் புண், வயிற்றில் நீர், கர்ப்பப்பைக் கட்டி என்ற சொற்களை அப்படியே அச்சடித்திருக்கிறோம். நோயாளியிடமே கேட்கிறோம், மனைவி பதில் சொன்னால் மறுபடி அவரிடம் கேட்கிறோம். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகிறது. கூட்டமான நாளில் பயிற்சி மருத்துவர்கள் இதைச் சுருக்கப் பார்ப்பார்கள், அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

மரபணு ரிப்போர்ட்டோடு உறவினருக்குக் கொடுக்க ஒரு பக்கத் தமிழ்க் கடிதம் சேர்த்துத் தருகிறோம். அதன் முதல் வரி, ‘இது ஆண்களுக்கும் பொருந்தும்.’

ஒலாபாரிப் சாப்பிடுபவரின் சட்டைப்பையில் வைக்க ஒரு அட்டை கொடுக்கிறோம். படர்தாமரை மருந்து, சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, வலிப்பு மருந்து எழுதும் முன் எங்களை அழைக்கவும் என்று எண்ணோடு இருக்கும். அட்டையில் ‘புற்றுநோய்’ என்ற சொல் இல்லை. அந்தச் சொல் இருந்தால் இவர் அதைக் கிளினிக்கில் நீட்டியிருக்கவே மாட்டார். அளவு மாறும்போது பழைய பட்டைகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

இப்போது

மகள் தன் முறைப்பையனையே மணந்துகொண்டார். மகளுக்கு மாற்றம் இல்லாததால் ஃபான்கோனி பற்றிய கவலை இல்லை. மாப்பிள்ளைக்கு இருக்கிறதா என்பது அவருடைய உடல்நலத்துக்கும் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் முக்கியம் என்று இரண்டு முறை சொல்லி, அக்கா மூலமாகவும் சொல்லியனுப்பினோம். வருகிறேன் என்றார். இதை எழுதும் வரை வரவில்லை. அவருடைய அக்கா எங்களிடமே சிகிச்சைக்கு மாறிவிட்டார், மார்பக நோய்க்கு அவரும் இப்போது ஒலாபாரிப் சாப்பிடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும்போதெல்லாம் தம்பிக்கான விண்ணப்பத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்.